நாசமறுப்பான்

ஒரு மனிதர் தன் தம்பியின் மகனைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் செய்த தவறு அதுதான். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருக்கக் கூடாது என்று கவனமாக இருந்தேன்.

அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், விளக்கம் கொடுக்கக் கூடாது என்பது அந்த வேலையின் விதி. ஓய்வு பெற்ற பிறகும் அந்த விதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். வசதியானபோது எடுத்தேன், வசதியில்லாதபோது உள்ளே விட்டேன்.

அவரை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் பெரியப்பா என்றே அழைத்தோம். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்கார்பரோவில் வயதானவர்களுக்கான அடுக்குமாடி அது. அவரைவிட மூத்தவர்களும் அவரைப் பெரியப்பா என்றார்கள். காரணம், மெல்பேர்னிலிருந்து அவருடைய பெறாமகன், அந்தத் தம்பியின் மகன், தொலைபேசியில் அழைக்கும்போது, "ஹலோ பெரியப்பா" என்ற குரல் கீழ்த்தளத்து மண்டபம் முழுவதும் கேட்கும். அவருக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

பெரியப்பா தனக்குப் பிடித்த எதையும் ஏசுவார். அவருடைய கார் பழைய தகரம். அந்தத் தகரத்தைப் பனிக்காலத்திலும் துணியால் துடைத்துக்கொண்டு நிற்பார். மனைவி உயிரோடு இருந்த காலத்தில், "இது கறியோ, காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற தண்ணியோ?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிப் பார்த்து, "மூக்கைப் பார், மிளகாய்க் காம்பு மாதிரி" என்றாராம். கோயம்புத்தூர்க்காரியான மருமகள் அன்று முழுக்க அழுதாளாம். புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும், அது படாமல் அப்பா குழந்தையைக் காப்பாற்றுகிறார் என்று மகன் விளங்கப்படுத்த இரண்டு நாள் ஆனது.

மற்றவர்களுடைய பொருளையும் பிள்ளைகளையும் தாராளமாகப் புகழ்வார். பக்கத்து வீட்டுச் சோபா, பல் வைத்தியர், வீடு விற்கிற தரகர், தேர்தலில் நிற்கிறவர் எல்லோருக்கும் நல்ல சொல் உண்டு. வந்தவர்கள் மகிழ்ச்சியோடு போவார்கள். அவருக்கு நாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை அந்தப் புகழ்ச்சியை வைத்து அளந்துகொள்ளலாம் என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

பெறாமகன் பெயர் நிலவன். அவனுக்குப் பத்து வயதாக முன்னரே தகப்பன் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பெரியப்பா வாரம் தவறாமல் மெல்பேர்னுக்கு அழைப்பார். பக்கத்து நகரமான பிரம்ரனில் பொதிக்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில் இடைவேளையில் வெளியே நின்று அழைப்பாராம். நிலவன் வளர்ந்து, அவுஸ்திரேலியர்களின் அந்த நீள்வட்டப் பந்து விளையாட்டில் ஒரு பெரிய கழகத்துக்கு முன்கள வீரனாகத் தெரிவானான். அன்றிலிருந்து அவன் அழைக்கத் தொடங்கினான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், உடுப்பு மாற்றுவதற்கு முன், பெரியப்பாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் மைதானத்துக்கு இறங்குவான்.

மெல்பேர்னில் இரவு ஆட்டம் என்றால் எங்களுக்கு விடியற்காலை. தேத்தண்ணியோடு மண்டபத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடிவிடுவோம். கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் தெரிந்த கிழவர்களுக்கு இது தலைகால் விளங்கவில்லை. பந்தைக் கையால் பிடிக்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், முஷ்டியால் குத்துகிறார்கள். ஒருவனுடைய தோளில் முழங்காலை வைத்து இன்னொருவன் வானத்துக்கு ஏறுகிறான். இரண்டு பக்கமும் நந்நான்கு கம்பங்கள். பெரியப்பாதான் பாடம் எடுத்தார்.

"நடுக் கம்பத்துக்குள்ளால போனால் ஆறு. ஓரத்தால போனால் ஒண்டு. நேர அடிக்கத் தெரியாதவனுக்கும் ஒண்டு குடுக்கிற விளையாட்டு. எங்கட மொக்கனுக்கெண்டே கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்."

அந்த மொக்கன் முதல் ஆட்டத்திலேயே மூன்று தரம் நடுக் கம்பத்துக்குள்ளால் அடித்தான். மெல்பேர்னில் அரங்கமே எழுந்து நின்றது. அறிவிப்பாளர்கள் அவனுடைய பெயரை "நைலவன்" என்று கடித்துத் துப்பினார்கள். எங்கள் மண்டபத்தில், அதே கட்டடத்துப் புஷ்பம் அன்ரி, கழகத்தின் நிறத்தில் தானே பின்னிய கழுத்துத்துணியைச் சுழற்றிக்கொண்டு கதிரையில் ஏறாத குறை.

"எங்கட தங்கம்! எங்கட சிங்கக்குட்டி! இனி உவனை ஆராலயும் பிடிக்க ஏலாது!"

"வாயை மூடுங்கோ, புஷ்பமக்கா!" என்றார் பெரியப்பா. முகம் வெளிறியிருந்தது. "சும்மா பட்டுப் போன பந்து. காத்து அடிச்சது."

"என்ன காத்து? மூண்டு தரமும் காத்தோ?"

அவர் மேலே ஓடிப்போய் ஒரு பிடி செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் நிலவனுடைய முகம் பெரிதாக வரும்வரை காத்திருந்து, திரையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினார். பிறகு மண்டபத்துச் சமையலறை அடுப்பில் சட்டியை வைத்து அதில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. முழுக் கட்டடமும் செருப்போடு வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. எல்லோரும் இருமினோம். தீயணைப்புக்காரர் இருமினார்.

"பாத்தியளே, ஒரு நெடியும் இல்லை. அவ்வளவு நாவூறு," என்றார் பெரியப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தீயணைப்புக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"நாவூறு கழிச்சனான் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

நான் ஆங்கிலத்தில், இவர் சமைக்கும்போது மிளகாய் கருகிவிட்டது என்று சொன்னேன். தீயணைப்புக்காரர் சிரித்துவிட்டுப் போனார். அன்று விதி எனக்கு ஞாபகம் வரவில்லை. வேண்டுமென்றால் ஒரு சொல்லை வளைத்து ஒரு மனிதரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்திருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்த வருடம் விதியைக் காட்டி நான் சொல்லிக்கொண்ட சாட்டு எவ்வளவு பொய் என்பது தெரிய வேண்டும்.

அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் மண்டபத்தில் பலர் இருக்க, பெரியப்பா என்னைக் காட்டிச் சொன்னார்:

"அண்ணைக்கு எழுபது தாண்டியிட்டுது. நடையைப் பாருங்கோவன், பெடியன் மாதிரி! ஒரு தடியில்லை, ஒரு வருத்தமில்லை."

சில நாட்களில், கடைக்கு முன்னால் உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

நான் படித்தவன். நாவூறு கண்ணூறு எல்லாம் மூடநம்பிக்கை என்று மேடையில் பேசியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அந்தப் பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியாது. இந்த மனிதன் தன் சொந்தக்காரரை எல்லாம் ஏசி ஏசிப் பத்திரமாக வைத்திருக்கிறான், என்னை மட்டும் ஊருக்கு முன்னால் புகழ்ந்து விழுத்திவிட்டான் என்று நினைத்தேன். அதைவிட ஆழமாக வேறொன்றும் இருந்தது. பத்து வருடம் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்தும் அவருடைய ஏச்சுக்கு நான் தகுதியாகவில்லை. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்து ஆறியிருக்கும்.

அடுத்த பருவம் தொடங்கியபோது மெல்பேர்னில் நிலவனைப் பற்றிய கொண்டாட்டம் இன்னும் கூடிவிட்டது. அந்தக் கழகத்தின் ரசிகர்களான இரண்டு இளைஞர்கள் இணையத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நீ யாரோடு பேசுகிறாய் என்று அவர்கள் நிலவனைக் கேட்க, ரொறொன்ரோவில் இருக்கிற பெரியப்பாவோடு என்று அவன் சொல்லிவிட்டான். அவர்கள் பெரியப்பாவைப் பேட்டி காண விரும்பினார்கள். கிடங்கில் வேலை செய்யப் போதுமான ஆங்கிலம் அவருக்கு இருந்தது. கமராவுக்கு முன்னால் அது போதாது என்று பயந்தார். தடியை ஊன்றிக்கொண்டு நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

அவர் சவரம் செய்து, கலியாண வீட்டுச் சட்டை போட்டிருந்தார். திரையில் அந்த இளைஞர்கள் கழகத்துத் துணியைக் கழுத்தில் சுற்றியிருந்தார்கள். நிலவன் இந்தப் பருவம் எப்படி விளையாடுவான் என்று கேட்டார்கள்.

பெரியப்பாவின் முகம் பூரித்தது. குரல் தழதழத்தது.

"உவனோ? உவன் நாசமறுப்பான் உந்தக் காலை வைச்சுக்கொண்டு என்னத்தை விளையாடுறது? கோதாரி விழுவான், பந்தை விட்டிட்டு வானத்தைப் பாத்துக்கொண்டெல்லே நிக்கிறவன். கெதியில ரீமால கலைச்சுப்போடுவாங்கள்."

கோதாரி என்பது அந்தக் காலத்து வாந்திபேதி. நோய் போய்விட்டது, சொல் எங்கள் வாயில் தங்கிவிட்டது. தேத்தண்ணி ஆறினாலும் கோதாரி, பஸ் பிந்தினாலும் கோதாரி. நாசமறுப்பான் என்பது காதுக்கு நாசமாய்ப் போவான் என்று கேட்கும், பிரித்துப் பார்த்தால் நாசம் அற்றுப்போகட்டும் என்று வரும். ஏச்சுக்குள்ளே ஒரு வாழ்த்தை ஒளித்துவைத்திருக்கிற சொல் அது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

விசாரணை அறையில் பேசுகிற ஏற்ற இறக்கமில்லாத குரலில் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவனா? அவன் அழிந்துபோகட்டும், அந்தக் கால்களால் என்ன விளையாட முடியும்? அவனை வாந்திபேதி கொண்டுபோகட்டும். பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவன். விரைவில் அணியிலிருந்து துரத்திவிடுவார்கள்."

இளைஞர்களின் சிரிப்பு நின்றது. உண்மையாகவா சொல்கிறார் என்று ஒருவன் கேட்டான். எங்கள் ஆட்கள் கண்ணூறுக்குப் பயந்து அன்பை இப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு வசனம் போதும். என் நாக்கு நுனியில் நின்றது. அவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

"என்னண்ணை, எல்லாம் சொன்னனீங்களோ?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஒண்டும் விடேல்லை."

அவர் என் கையைத் தட்டினார். "அண்ணை மாதிரி இங்கிலீசு ஆருக்கு வரும்!"

அவர்கள் நிகழ்ச்சியை வெட்டி ஒட்டியபோது தமிழை எடுத்துவிட்டார்கள். என் குரல் மட்டும் இருந்தது. அந்தத் துண்டு கைபேசிக்குக் கைபேசி பரவியது. அடுத்த ஆட்டத்தில் நிலவன் பந்தைத் தொடும்போதெல்லாம் எதிரணி ரசிகர்கள் வேலியோரம் நின்று வாந்தி எடுப்பதுபோலச் சத்தம் போட்டார்கள். எங்கள் மண்டபத்தில் அந்தச் சத்தம் என்னவென்று பெரியப்பா கேட்டார். புஷ்பம் அன்ரி என்னைப் பார்த்தார். நான் தடியைப் பார்த்தேன்.

அன்று நிலவனுடைய தாய் அழைத்தார். வழக்கம்போல ஸ்பீக்கரில்.

"அத்தான், நீங்கள் ஏசுறது எங்கட வீட்டுக்குள்ள. அது எனக்கு விளங்கும். வெள்ளைக்காரனுக்கு முன்னால என்ர பிள்ளைக்குக் கோதாரி வரட்டும் எண்டு சொன்னால் அவன் எங்க கொண்டுபோய் முகத்தை வைக்கிறது? அவன் அறைக்குள்ள இருந்து வெளியில வாறானில்லை."

"பிள்ளை, நான் எப்பவும் சொல்லுறதைத்தானே..."

"இனி அவனோட கதைக்க எடுக்காதேங்கோ, அத்தான். கொஞ்ச நாளைக்கு எடுக்காதேங்கோ."

அதற்குப் பிறகு ஆட்டங்களுக்கு முன்னால் மெல்பேர்னிலிருந்து அழைப்பு வரவில்லை. பெரியப்பா கைபேசியை மேசையில் நேராக்கி வைப்பார். ஆட்டம் தொடங்கியதும் எடுத்துப் பைக்குள் போடுவார். தம்பியின் பக்கத்தில் அந்தப் பிள்ளைதான் அவருக்கு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். நிலவன் நன்றாகத்தான் விளையாடினான். ஆனால் அவரால் ஏச முடியவில்லை, ஏச்சுப் போய்ச் சேர ஆள் இல்லை.

சில வாரங்கள் பொறுத்தேன். பிறகு ஒருநாள் அவருடைய கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்ததை, அவர்மேல் வைத்த கோபத்தை, விளக்கம் தெரிந்தும் சொல்லாமல் விட்டதை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ன செய்யிறது, அண்ணை? நான் சொன்னதைத்தானே சொன்னனீங்கள். வடிவாய்த்தான் சொன்னியள்."

ஏசியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அழகாய் என்று புகழ்ந்த அந்த வடிவாய் என்ற சொல் என்னை உட்கார வைத்துவிட்டது.

நான் நிலவனுக்கு அழைத்தேன். நான்தான் அந்தக் குரல் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, ஆங்கிலத்தில் அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "எனக்குத் தெரியும், அங்கிள். சின்னனில இருந்தே அவர் அப்படித்தான். ஆனால் இங்கிலீசில கேட்டால் அது உண்மை மாதிரி இருந்துது," என்றான். அது எனக்குப் போதாமல் இருந்தது. சரி செய்துவிட்டேன் என்ற நிறைவு எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த நாள் பெரியப்பாவை நெருக்கினேன்.

"ஒருக்கா நேர ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கோ. பெடியனுக்கு அது வேணும்."

"அண்ணை, அது மட்டும் ஏலாது."

"உந்த நாவூறுக் கதையை விடுங்கோ. அவன் அங்க பிறந்த பிள்ளை."

மூன்று நாள் அவரை விடவில்லை. நாலாம் நாள், ஆட்டத்துக்கு முன், நானே இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பன், நீ நல்லாய் விளையாடுறாய். உன்ர கொப்பர், என்ர தம்பி, இருந்து பாத்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்."

மறுமுனையில் "தாங்க்ஸ், பெரியப்பா," என்று மெல்லிய குரல். நான் வெளியே போய்க் காற்று வாங்கினேன். நல்ல காரியம் செய்த மனிதனாக உணர்ந்தேன்.

இரண்டாம் கால்பகுதியில் நிலவன் ஒருவனுடைய முதுகுக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடித்தான். மிக அழகான பிடி. தரையில் இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிந்தது. அவன் கையால் புல்லை அடித்ததை இரண்டு மூன்று கோணத்தில் காட்டினார்கள்.

பெரியப்பா எழுந்து மின்தூக்கிக்குப் போனார். நான் தடியோடு பின்னால் போனேன்.

"முழங்கால் இந்த விளையாட்டில் எல்லாருக்கும் போறதுதான். அதுக்கும் நீங்கள் சொன்னதுக்கும் என்ன தொடர்பு?"

"அப்ப உங்கட இடுப்பு?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "நீங்கள் படிச்ச மனுசன். நீங்களே எல்லே அண்டைக்குச் சொன்னியள், என்ர வாய் பட்டுத்தான் விழுந்தனீங்கள் எண்டு நினைச்சதாய்."

மன்னிப்புக் கேட்கப் போய் நானே அவர் கையில் சாட்சியைக் கொடுத்திருந்தேன்.

அதன் பிறகு அவர் வாயைக் கட்டிக்கொண்டார். ஏச்சும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. காரைத் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி வந்தால் தலையைத் தடவிவிட்டு இருந்துவிடுவார். நிலவன் அழைத்தபோது கைபேசியை எடுக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து, நடை பழகி, ஓட்டம் பழகி, ஏறக்குறைய ஒரு வருடம் போனது. விடியற்காலையில் மண்டபத்துக்கு ஒருவரும் வருவதில்லை. புஷ்பம் அன்ரி அந்தக் கழுத்துத்துணியைப் பிரித்து வேறு ஏதோ பின்னினார்.

பெரியப்பா இப்போது இல்லை. நிலவனும் அந்தக் கழகத்தில் இல்லை. மீண்டு வந்து இரண்டு பருவம் ஆடினான். பெரிய வீரனாக வருவான் என்று எல்லோரும் சொன்ன அளவுக்கு வரவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியன். ஆனால் நான் சொல்ல வேண்டியது, காயத்துக்குப் பிறகு கழகத்தின் இரண்டாம் அணியில் அவன் முதல்முறை இறங்கிய நாளைப் பற்றி.

அன்று என் கைபேசி அடித்தது. நான் முன்பு அழைத்த இலக்கத்தை அவன் வைத்திருந்தான்.

"அங்கிள், பெரியப்பா போன் எடுக்கிறாரில்லை. இன்னும் கொஞ்சத்தில மாட்ச். ப்ளீஸ், அவரை ஒருக்கா என்னை ஏசச் சொல்லுங்கோ."

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவருடைய கதவைத் தட்டினேன். அவர் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் நீட்டியதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் துவாயை மடித்தார். மறுமுனையில் நிலவனுடைய மூச்சுக் கேட்டது. நான் யோசிக்காமல் நானே தொடங்கினேன்.

"நிலவன், நீர் ஒரு... நீர் ஒரு திறமையற்ற நபர். உமது கால்கள் இரண்டும் பயனற்றவை. உமக்கு... உமக்கு எவ்வித எதிர்காலமும் கிடையாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுடைய சொற்களையே பேசியவன் நான். சொந்தமாக ஏச வாய் வரவில்லை. மறுமுனையில் நிலவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். பெரியப்பா மடிப்பதை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உதென்ன, கோட்டில தீர்ப்பு வாசிக்கிறியளோ? உப்பிடியே ஒரு பிள்ளையை ஏசுறது? தாங்கோ உதை!"

போனைப் பறித்தார். பிறகு அந்த ஒரு வருடத்து ஏச்சும் ஒரே மூச்சில் வந்தது. கால், மூக்கு, தலைமயிர், முழங்கால், அதை வெட்டித் தைத்த வைத்தியன், அவனைத் தெரிவு செய்த கழகம், அவனுக்குப் பந்து கொடுத்த கடவுள் ஒருவரும் தப்பவில்லை. நடுவில் குரல் உடைந்தது. உடைந்த குரலாலும் ஏசினார். மறுமுனையில் அந்தப் பிள்ளை, "ஓம், பெரியப்பா... ஓம், பெரியப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ அவனை மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள்.

பெரியப்பா போனை என்னிடம் திருப்பித் தந்தார். மடித்த துவாயையே எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அண்ணை," என்றார், "இதை இங்கிலீசில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."